மேப்பிள் தெரு எபிசோடைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை: எதை வாதமாக நிறுத்துவது?

மருதாணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இளங்கலை ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தச் செமஸ்டரில் பன்னிரண்டு பக்க அளவில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நாவலுக்கோ கவிதைக்கோ பதிலாக ஒரு தொலைக்காட்சி எபிசோடை எடுத்துக்கொள்ள எங்கள் நெறியாளர் அனுமதி தந்திருக்கிறார். நான் தேர்ந்தெடுத்திருப்பது, ‘தி ட்விலைட் ஸோன்’ என்னும் அமெரிக்க அறிபுனைத் தொடரின் முதல் சீசனில் 1960 மார்ச் 4 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பிய ‘தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’. ராட் செர்லிங் எழுதி, ரொனால்ட் வின்ஸ்டன் இயக்கியது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடைக்காலத்துச் சனிக்கிழமை மாலை ஒன்றில், அமைதியான ஒரு குடியிருப்புத் தெருவின் மேல் பேரோசையோடு ஓர் ஒளி கடந்து போகிறது. உடனே மின்சாரமும் தொலைபேசியும் கார்களும் நின்றுபோகின்றன. வேற்றுக்கிரகவாசிகள் மனிதர்களைப் போன்ற ஒரு குடும்பத்தை முன்கூட்டியே அனுப்பி வைப்பார்கள் என்று தான் படித்த கதையை டாமி என்னும் சிறுவன் சொல்கிறான். அதன்பிறகு தெருவார் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். அடுத்த தெருவில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கப் போன பீட் வான் ஹார்ன் இருட்டில் திரும்பி வரும்போது, அதே தெருவாசியான சார்லி அவரைச் சுட்டுவிடுகிறார். இறுதியில் தெருவே கலவரமாகிறது. குன்றின்மேல் நிற்கும் இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் வாதம், “இந்த எபிசோடு மெக்கார்த்தியிசத்தின் உருவகம்” என்பது (அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியின் பெயரால் வழங்கும் சொல் அது; கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகித்து மக்களைச் சான்றின்றிக் குற்றஞ்சாட்டிய போக்கைக் குறிக்கும்). நெறியாளர் அதைப் படித்துவிட்டு, “இது எல்லாரும் சொன்னது; நீ என்ன சொல்லப்போகிறாய்?” என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். வரலாற்றுப் பின்னணியை எவ்வளவு சேர்ப்பது, தொடர்கதைத் தன்மையைப் பற்றிய கோட்பாடுகளை இதற்குப் பொருத்தலாமா, எபிசோடை எவ்வாறு மேற்கோள் காட்டுவது என்பவற்றிலும் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது.

கல்தூண் எழுதியது:

உங்கள் நெறியாளர் கேட்ட கேள்வி நியாயமானது. “இன்ன படைப்பு இன்ன நிகழ்வின் உருவகம்” என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டால், மீதிப் பன்னிரண்டு பக்கங்களும் அந்தச் சமன்பாட்டின் இரு பக்கங்களையும் நிரப்புவதிலேயே முடிந்துவிடும்: மெக்கார்த்தி இதைச் செய்தார், சார்லி இதைச் செய்கிறார், இரண்டும் ஒத்திருக்கின்றன. மறுத்துப் பேச இடமில்லாத கூற்றிலிருந்து வாதம் பிறப்பதில்லை.

ஆகவே வரலாற்றைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டு, எபிசோடை மீண்டும் போட்டு ஒரே ஒரு கேள்வியோடு பாருங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் சான்றாக முன்வைக்கப்படுவது எது? தெருவாசிகளில் ஒருவரான லெஸ் குட்மேனின் கார் தானாகவே உயிர்பெறுகிறது; கூட்டம் அவர் வீட்டை நோக்கிப் போகிறது. அங்கே அவர்மேல் வைக்கப்படும் சான்று காரோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி, விடியற்கால வேளையில் அவர் தம் வீட்டு முகப்பில் நின்று வானத்தைப் பார்ப்பதைத் தான் கண்டிருப்பதாகச் சொல்கிறாள். தமக்குத் தூக்கம் வராத தொல்லை உண்டு என்று அவர் விளக்க வேண்டியதாகிறது. அந்த நேரத்தில் அவளும் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், அவளும் வெளியே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஆனால் அவள் ஏன் விழித்திருந்தாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. பார்க்கப்பட்டவர் மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவராகிறார்.

அடுத்து இன்னொரு தெருவாசி, ஸ்டீவ் பிராண்டின் முறை. அவர் வீட்டு நிலவறையில் இருக்கும் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலி அலைவழி மற்றவர்களோடு பேச உதவும் கருவி, பேச்சுக்கு வருகிறது. அவருடைய மனைவி, அது சாதாரணக் கருவிதான், வேண்டுமானால் காட்டுகிறேன் என்கிறாள். ஸ்டீவ் அதைத் தடுத்து, எங்கள் வீட்டுக்குள் பார்க்க விரும்புகிறவர்கள் சோதனை ஆணை வாங்கி வரட்டும் என்கிறார். என் கருத்தில் எபிசோடின் மையம் அந்த இடம்தான். சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாக அங்கே கேட்கப்படுகிறது. அந்தத் தெருவில் மின்சாரம் நிற்பதற்கு முன்பிருந்தே அயலார் ஒருவரையொருவர் கவனித்து வந்திருக்கிறார்கள். விளக்கு அணைந்தபின் அந்தப் பழைய கவனிப்பு சாட்சியமாக மாறுகிறது. இந்தத் திசையில் போனால் உங்களுக்கென்று ஒரு வாதம் கிடைக்கும்.

தொடர்கதைக் கோட்பாடுகளை விட்டுவிடுங்கள். இந்தத் தொடர் வாரம் ஒரு புதுக்கதை, புது மாந்தர் என்று அமைந்தது. 1959 முதல் 1964 வரை வந்த 156 எபிசோடுகளில் கதை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்வதில்லை. நீண்ட கதையோட்டத்தை ஆராய்வதற்காக உருவான கருவிகள் இங்கே எதையும் விளக்கமாட்டா.

நூலகத்தெரு எழுதியது:

கல்தூண் ஐயா சொல்வதோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் வரலாற்றை மூடி வைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மருதாணியின் முதல் வாதத்தில் இருக்கும் சிக்கல் வரலாறு மிகுந்துபோனது அல்ல, வரலாறு போதாமல் போனதுதான்.

ஆண்டுகளைப் பாருங்கள். அரசுத்துறையில் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகக் குற்றஞ்சாட்டி ஜோசப் மெக்கார்த்தி வீலிங் நகரில் ஆற்றிய உரை 1950 பிப்ரவரியில். செனட் சபை அவரைக் கண்டித்தது 1954 டிசம்பரில். அவர் இறந்தது 1957 மே மாதத்தில். எபிசோடு வந்தபோது அவர் மறைந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்படியானால், ஒரு தனிமனிதரின் பெயரால் வழங்கும் அந்தச் சொல்லை 1960இல் வந்த ஒரு கதைக்குச் சூட்டும்போது எதைச் சொல்ல வருகிறோம் என்று கட்டுரை தெளிவுபடுத்தியாக வேண்டும். கம்யூனிஸ்ட் சார்பு உடையவர்களென்று சந்தேகித்தவர்களை விசாரித்த, பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் குழு அப்போதும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. எபிசோடு ஒளிபரப்பான இரண்டு மாதங்களில், 1960 மே மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தில் அக்குழு நடத்திய விசாரணைக்கு எதிராக மாணவர்கள் திரண்டார்கள். மனிதர் போனபின்னும் முறை நின்றது என்பதுதான் அந்த ஆண்டின் செய்தி.

இன்னொன்று, தொலைக்காட்சித் துறையின் சொந்த வரலாறு. 1950 ஜூனில் வெளியான ‘ரெட் சானல்ஸ்’ என்னும் சிறுநூல், வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர்கள் 151 பேரைக் கம்யூனிஸ்ட் சார்புடையவர்களென்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அதே ஆண்டின் இறுதியில் தன் ஊழியர்களிடம் நாட்டுக்கு விசுவாசமானவர்கள் என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பம் கேட்டது சி.பி.எஸ். நிறுவனம். பத்தாண்டுகளுக்குப் பின் மேப்பிள் தெருவை ஒளிபரப்பியதும் அதே நிறுவனம்தான். இந்தத் தொடர்பை மெக்கார்த்தியைப் பற்றிய பொதுவான பத்தி ஒருபோதும் தராது.

செர்லிங்கின் அனுபவத்தையும் சேர்த்துப் பாருங்கள். எம்மெட் டில் என்னும் கறுப்பினச் சிறுவன் 1955 ஆகஸ்ட்டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்டதன் உந்துதலால் அவர் எழுதிய ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ நாடகம் 1956 ஏப்ரலில் ஒளிபரப்பானபோது அடையாளமே தெரியாமல் போயிருந்தது. களம் தெற்கிலிருந்து நியூ இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டது, கொல்லப்பட்டவர் பெயரற்ற அயல்நாட்டவர் ஆக்கப்பட்டார், தெற்கை நினைவூட்டுமென்று கோகோ கோலா பாட்டில்களைக்கூட அரங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். விளம்பரதாரர்களின் இத்தகைய தலையீட்டில் பட்டுத் தேறியவர்தான் 1959 அக்டோபரில் இந்த அறிபுனைத் தொடரைத் தொடங்கினார். வேற்றுக்கிரகவாசி ஏன் தேவைப்பட்டான் என்பதற்கான விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

வெள்ளிமீன் எழுதியது:

இருவரும் ஒரு சங்கடமான உண்மையைக் கடந்து போகிறீர்கள். அந்தத் தெருவின் சந்தேகம் முற்றிலும் பொய்யானதல்ல. வேற்றுக்கிரகவாசிகள் உண்மையாகவே வந்திருக்கிறார்கள். விளக்கை அணைத்ததும் கார்களை நிறுத்தியதும் அவர்கள்தான். முதலில் ஸ்டீவும் சார்லியும் நகரத்துக்கு நடந்து போகப் புறப்படும்போது, அவர்கள் நம்மைப் போகவிட விரும்பமாட்டார்கள் என்று தடுக்கும் டாமி, ஆபத்து விண்வெளியிலிருந்து வந்தது என்று சொன்னது சரிதான். முன்கூட்டி அனுப்பப்பட்ட குடும்பம் என்ற பகுதி மட்டுமே நிரூபணமாகவில்லை. பகையே இல்லாத இடத்தில் பகையைக் கற்பித்துக்கொண்டதைச் சொல்வதுதான் நோக்கம் என்றால், கடைசிக் காட்சி அதைக் குலைக்கிறது அல்லவா? மெக்கார்த்தியின் ஆதரவாளர் ஒருவர் இதே எபிசோடைப் பார்த்துவிட்டு, “பகைவன் இருந்தான், நாங்கள் ஆளைத்தான் தவறாகப் பிடித்தோம்” என்று சொல்லிவிட முடியும். கட்டுரை இதற்குப் பதில் சொல்லாவிட்டால் தேர்வாளர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

கல்தூண் எழுதியது:

மிக முக்கியமான கேள்வி இது. பலரும் கடைசிக் காட்சியைக் கதைக்குப் பின் ஒட்டிய விளக்கவுரையாகக் கருதி விட்டுவிடுகிறார்கள், அது சரியன்று.

பகைவன் இருக்கிறான் என்பதை எபிசோடு மறுக்கவில்லை. ஆனால் அவனை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். அவன் தெருவில் இல்லை, குன்றின்மேல் இருக்கிறான். சில இயந்திரங்களை நிறுத்திவிட்டு, சில மணி நேரம் இருட்டாக்கிவிட்டு, ஒதுங்கி நின்று பார்த்தால் போதும், அவர்கள் தங்களுக்கு மிகக் கொடிய பகைவர்களாகத் தங்களையே தேர்ந்துகொள்வார்கள் என்று ஒருவர் மற்றவருக்குப் பாடம் சொல்வதாக அந்த உரையாடல் அமைந்திருக்கிறது. இதன்படி, பகைவனின் ஆயுதமே அந்தத் தெருவின் வேட்டைதான். “ஆளைத் தவறாகப் பிடித்தோம்” என்று வெள்ளிமீன் காட்டும் ஆதரவாளர் சொன்னால், எபிசோடு அவருக்குத் தரும் பதில் இன்னும் கடுமையானது: நீங்கள் பிடிக்கப் புறப்பட்டபோதே அவனுக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டீர்கள்.

கவனிப்பு என்ற இழையோடும் இது பொருந்துகிறது. முதல் அரைப்பகுதி குட்மேன், இந்த மக்கள் ஒரு கொடுங்கனவைத் தொடங்கி வைக்கிறார்கள் என்று எச்சரிப்பதோடு முடிகிறது. இடைவேளைக்குப் பின் இருட்டிவிட்டது. சார்லி தெருவில் நின்று குட்மேனின் வீட்டைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மனைவியே அப்படிப் பார்ப்பது சரியாகப்படவில்லை என்று சொல்லியும் அவர் கேட்பதில்லை. கடைசியில் குன்றின்மேல் நிற்கும் இருவரும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். அயலான் வீட்டைப் பார்க்கும் பார்வையும் மேலிருந்து தெருவைப் பார்க்கும் பார்வையும் ஒரே அமைப்பில் வருகின்றன. மருதாணி, இதை நீங்கள் ஷாட் ஷாட்டாகக் காட்ட வேண்டும். யார் பார்க்கிறார், கேமரா யாருடைய பக்கம் நிற்கிறது, கலவரத்தில் சட்டகம் (ஃபிரேம்) சாயத் தொடங்குவது எப்போது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கதைச் சுருக்கத்தால் நிரூபிக்க முடியாத கூற்று இது. கதையை மட்டும் வைத்து எழுதக்கூடிய கட்டுரைக்குத் தொலைக்காட்சி எபிசோடு எதற்கு, சிறுகதையே போதுமே.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இருக்கிறது. 2003இல் இந்தத் தொடரின் புதிய வடிவத்தில் ஏறக்குறைய இதே தலைப்போடு இக்கதை மீண்டும் எடுக்கப்பட்டது. அதில் வேற்றுக்கிரகவாசிகள் இல்லை. விளக்கை அணைத்தது அமெரிக்க இராணுவம். பயங்கரவாத அச்சத்தில் மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று சோதிக்கிறது. குன்றின்மேல் இருந்தவனின் இடத்தில் அரசே வந்து அமர்ந்ததும், பகைவன் உண்டா இல்லையா என்ற கேள்வியின் பொருளே மாறிவிடுகிறது. இதற்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம். கட்டுரையை அது விழுங்கிவிடும்.

அலைவரிசை எழுதியது:

நான் இலக்கியம் படித்தவனல்லன், உரிமம் பெற்ற ஹாம் ரேடியோக்காரன். ஸ்டீவின் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஹாம் ரேடியோ இயக்குபவர் கூட்டரசின் தகவல்தொடர்பு ஆணையத்திடம் உரிமம் பெற வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக்குறி தரப்படும். அந்தக் காலத்தில் அழைப்புக்குறியோடு பெயரையும் முகவரியையும் அச்சிட்ட கையேடு விலைக்குக் கிடைத்தது. எனவே ஸ்டீவ் போன்ற ஒருவர் யாரோடு பேசுகிறார் என்பது மறைவான செய்தியே அல்ல. அவர் வீட்டு முகவரிகூட அச்சில் இருந்திருக்கும். ஊரறிந்த பொழுதுபோக்கு ஒன்று அரைமணி நேரத்தில் இரகசியமாக்கப்படுகிறது என்பதை உங்கள் வாதத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

அதே வேளையில் அந்தச் சந்தேகத்துக்கு அன்றைய அரசியலில் வேரும் உண்டு. 1951 முதல் 1963 வரை கோனெல்ராட் என்ற ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. பகை விமானங்கள் ஒலிபரப்பு அலைகளைப் பிடித்து இலக்கைக் கண்டுகொள்ளாதபடி, எச்சரிக்கை வந்தால் பெரும்பாலான நிலையங்கள் ஒலிபரப்பை நிறுத்த வேண்டும். ஹாம் ரேடியோக்காரர்களும் நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் அலைபரப்பி பகைவனுக்கு வழிகாட்டக்கூடும் என்ற எண்ணம் அந்தப் பார்வையாளர்களுக்குப் புதிதல்ல. யாரோடு பேசுகிறாய் என்று சார்லி கேட்க, விண்வெளியிலிருந்து வந்த பூதங்களோடுதான் பேசுகிறேன் என்று ஸ்டீவ் வெறுப்போடு பதில் சொல்வது, இந்தப் பின்னணி தெரிந்தால் இன்னும் கனமாக ஒலிக்கும்.

நூலகத்தெரு எழுதியது:

அலைவரிசை தந்திருப்பது அருமையான செய்தி. வரலாற்றுப் பகுதியை எப்படி எழுதுவது என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு: காட்சியில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து தொடங்கி அந்தக் காலத்துக்குப் போக வேண்டும். முன்னுரையில் மூன்று பக்கம் பனிப்போரை எழுதிவிட்டு எபிசோடுக்கு வரக்கூடாது.

மேற்கோள் காட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று, 1960இல் ஒளிபரப்பான எபிசோடு. இரண்டு, அமெரிக்கப் பள்ளிப் பாடநூல்கள் பலவற்றில் இடம்பெற்ற திரைக்கதை. மூன்று, செர்லிங் தாமே சிறுகதையாக மாற்றி அதே ஆண்டில் தொகுப்பில் சேர்த்தது. சிறுகதையின் முடிவு வேறு: மறுநாள் காலை பெரும்பாலான வீடுகள் எரிந்து கிடக்கின்றன, தெருவில் உயிர் இல்லை, அடுத்த வாரம் புதிய குடியிருப்பாளர்கள் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு தலைகள். எபிசோடில் இது கிடையாது. இணையத்தில் கிடைக்கும் சுருக்கங்களையும் பாடநூல் திரைக்கதையையும் நம்பி மேற்கோள் எழுதினால், திரையில் பேசப்படாத வசனத்தைத் திரையில் பேசப்பட்டதாகக் காட்டிவிடும் அபாயம் உண்டு. ஒவ்வொரு வசனத்தையும் காட்சியோடு ஒப்பிட்டுக் கேட்டு எழுதுங்கள். வேறுபாடுகளை நீங்களே வாதத்துக்குப் பயன்படுத்தலாம்: தெருவை ஆக்கிரமித்துக் குடியேறும் சிறுகதையின் பகைவனைவிட, மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதோடு நின்றுவிடும் திரையின் பகைவன் உங்கள் வாதத்துக்கு நெருக்கமானவன்.

எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) மேற்கோள் முறையில் எபிசோடின் தலைப்பு மேற்கோள் குறிக்குள்ளும் தொடரின் தலைப்பு சாய்வெழுத்திலும் வரும். எழுதியவர், இயக்குநர், சீசன் எண், எபிசோடு எண் (முதல் சீசன், 22), நிறுவனம், ஒளிபரப்பு நாள் ஆகியவை தொடரும். கட்டுரைக்குள் பக்க எண்ணின் இடத்தில் மணி, நிமிடம், நொடி வரும். டிஸ்க்கிலும் ஸ்ட்ரீமிங் தளத்திலும் தொடக்கப் பகுதியின் நீளம் வேறுபடலாம் என்பதால், நீங்கள் பார்த்த வடிவம் எது என்பதைப் பதிவில் குறிப்பிட்டுவிட்டு, இறுதிவரை அந்த ஒன்றிலிருந்தே நேரத்தை எடுங்கள்.

மருதாணி எழுதியது:

உங்கள் பதில்களை வைத்துக்கொண்டு எபிசோடை மீண்டும் பார்த்தேன். வாதத்தை இவ்வாறு மாற்றி எழுதியிருக்கிறேன்:

“மேப்பிள் தெருவில் அச்சம் புதிய சந்தேகங்களை உருவாக்குவதில்லை. அயலார் ஒருவரையொருவர் ஏற்கெனவே கவனித்துச் சேர்த்து வைத்திருந்த செய்திகளை அது சாட்சியமாக மாற்றுகிறது. குட்மேனின் தூக்கமின்மை, ஸ்டீவின் வானொலி ஆகிய அன்றாடச் செய்திகள், அவற்றைப் பார்த்தவரிடம் கேள்வி கேட்கப்படாததாலேயே குற்றமாகின்றன. கண்காணிக்கும் அயலானையும் கண்காணிக்கும் பகைவனையும் ஒரே விதமாகச் சட்டகப்படுத்துவதன் மூலம், விசுவாச விசாரணைகளின் முறை, அதைத் தொடங்கியவர் மறைந்தபின்னும் குடிமக்களின் பழக்கமாகத் தொடர்வதை இந்த எபிசோடு காட்டுகிறது.”

பீட் வான் ஹார்னின் மரணத்தைத் தனிப் பகுதியாக எழுத நினைக்கிறேன். எல்லாரும் எல்லாரையும் கவனித்து வந்த தெருவில், அந்தத் தெருவாசியே இருட்டில் நடந்து வரும்போது ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. இந்த இடத்தைக் கண்காணிப்பின் தோல்வி என்று சொல்வதா, அதன் விளைவு என்று சொல்வதா என்பதில்தான் தயங்குகிறேன்.

கல்தூண் எழுதியது:

வாதம் நன்றாக வந்திருக்கிறது. ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்வேன்: “அதைத் தொடங்கியவர்” என்பது சரியல்ல. விசுவாச விசாரணைகளை மெக்கார்த்தி தொடங்கவில்லை. பிரதிநிதிகள் சபைக் குழு 1938இலேயே அமைக்கப்பட்டது, அரசு ஊழியர்களுக்கான விசுவாசத் திட்டத்துக்கு அதிபர் ட்ரூமன் 1947இல் ஆணையிட்டார். “அதற்குப் பெயர் தந்தவர்” என்று எழுதுங்கள்.

பீட்டைப் பற்றிய உங்கள் கேள்விக்கு: விளைவு என்று எழுதுங்கள், காட்சி அதற்கு இடம் தருகிறது. உருவம் தூரத்தில் தெரிந்ததும் பூதம் என்று கத்துவது டாமி. துப்பாக்கியை ஸ்டீவின் கையிலிருந்து பறித்துச் சுடுவது சார்லி. அந்த இரண்டுக்கும் நடுவில், யாரது என்று அந்த உருவத்தைக் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய நேரம் இருக்கிறது. அத்தனை பேர் நிற்கும் தெருவில் ஒரு குரல்கூட அவரை அழைப்பதில்லை. பார்த்துப் பார்த்தே முடிவு கட்டப் பழகியவர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தின் நீளத்தை நொடிக்கணக்கில் அளந்து, அதற்குள் எத்தனை ஷாட்கள் வருகின்றன, யார் யார் முகம் காட்டப்படுகிறது என்று எழுதிவிட்டால், அந்தப் பகுதிக்கு வேறு கோட்பாட்டு ஆதாரம் தேவைப்படாது. அதன்பின் சார்லியின் வீட்டில் விளக்கு எரிவதும், அதே கூட்டம் அவர்மேல் கல்லெறிவதும், அவர் டாமியைக் கைகாட்டுவதும் வேகமாக நடந்து முடிகின்றன. அவற்றை ஒரு பத்தியில் கடந்துவிட்டு நேராகக் குன்றுக்குப் போகலாம்.